காய்ந்துபோன ஈரக்கறையை நம்பி இன்னொரு மழைக்காலத்தைத் தாண்டலாமா?

நாகப்பட்டினத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். 2001-இல் கட்டிய வீடு. தரைத்தளம் மட்டும், 950 சதுர அடி. மேலே சுருக்கி (செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்ந்த அடுக்கு) போட்டு, அதன் மேல் தட்டோடு (தட்டையான ஓடு) பதித்த மொட்டை மாடி. பின்னால் மாடி எழுப்பலாம் என்று தூண்களின் மேல் கம்பிகளை நீட்டி விட்டிருக்கிறார்கள். போன கார்த்திகை மழையில் ஹாலின் ஒரு மூலையில் சுவரோரம் ஈரம் இறங்கியது. மழை நின்ற மறுநாள் ஃபேன் கொக்கியைச் சுற்றியும் சொட்டியது. தை பிறந்ததும் எல்லாம் காய்ந்து, இப்போது பழுப்பு வளையமும் உப்புப் பூத்த இடமும்தான் தெரிகின்றன. மேஸ்திரி, உள்ளே கொத்திப் பூசிப் பட்டி பார்த்து டேம்ப் புரூஃப் பெயின்ட் அடித்தால் போதும் என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர், தட்டோட்டின் மேலேயே வாட்டர்புரூஃப் கலந்து ஒரு இஞ்ச் சிமென்ட் போடச் சொல்கிறார். கொழுந்தனார் மாடி முழுவதும் ஷீட் போட்டுவிடலாம் என்கிறார். வரும் தையில் மகளுக்குக் கல்யாணம், கையில் பணம் இறுக்கம். "இந்த ஒரு மழையை மட்டும் சமாளித்துவிட்டு, கல்யாணம் முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாமா?" என்பது அவர் கேள்வி. மாடியில் காய்கறித் தொட்டிகள் வைக்கலாமா என்று கடைசியில் ஒரு துணைக் கேள்வியும் உண்டு.

அன்புள்ள சகோதரிக்கு,

பெரிய வேலையைக் கல்யாணத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள், தவறில்லை. ஆனால் ஐப்பசி பிறப்பதற்குள் சில சின்ன வேலைகளைக் கட்டாயம் முடித்துவிட வேண்டும். ஆவணியில் எழுதிக் கேட்டிருக்கிறீர்கள், அதற்கு நேரம் இருக்கிறது. உங்களுக்கு யோசனை சொன்ன மூன்று பேரும் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் தண்ணீர் எந்த வழியாக உள்ளே வருகிறது என்று அவர்களில் ஒருவரும் பார்க்கவில்லை. வழி தெரியாமல் செலவழிக்கிற பணம் பெரும்பாலும் வீண்.

கறை காய்ந்ததற்குக் காரணம் மழை நின்றது, வெயில் அடித்தது, அவ்வளவுதான். தண்ணீர் வந்த பாதை அப்படியே திறந்திருக்கிறது. வெளியே தெரியாத இன்னொரு வேலையும் உள்ளே நடந்துகொண்டிருக்கிறது. அதை விளக்கிவிட்டால் நான் ஏன் அவசரப்படுத்துகிறேன் என்று உங்களுக்குப் புரியும்.

நல்ல கான்கிரீட் கடுமையான காரத்தன்மை கொண்டது. அந்தக் காரம் உள்ளே இருக்கும் கம்பியின் மேல் ஒரு மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கி, துரு பிடிக்காமல் பார்த்துக்கொள்கிறது. வருடக்கணக்கில் காற்றிலுள்ள கரியமில வாயு கான்கிரீட்டுக்குள் மெதுவாக ஊறி அந்தக் காரத்தைக் குறைத்துக்கொண்டே வரும். உங்கள் ஊர் போன்ற கடலோரத்தில் காற்றிலேயே உப்பு இருக்கிறது; அந்த உப்பு படலத்தை இன்னும் வேகமாக உடைக்கும். கட்டும்போது உப்பு போர் தண்ணீரில் கலவை போட்டிருந்தால் பாதிப்பு உள்ளிருந்தே தொடங்கியிருக்கும். படலம் போன கம்பிக்கு ஈரமும் காற்றும் கிடைத்தால் துரு ஆரம்பம். துருவானது, அது தின்ற இரும்பைப் போல இரண்டு மடங்கிலிருந்து ஆறு மடங்கு வரை இடம் அடைக்கும். தளத்தின் அடியில் கம்பிக்குக் கீழே இருக்கும் கான்கிரீட்டோ ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் கனம்தான். உள்ளிருந்து அழுத்தம் வந்தால் அது விரிந்து, உப்பி, ஒருநாள் பாளமாகக் கீழே விழும். விழுந்த பிறகு கம்பி திறந்த காற்றில் நிற்கும், துரு இன்னும் வேகம் பிடிக்கும்.

கம்பியைத் துரு பிடிப்பதற்கு முன்னால் இது மாடியின் மேல் சில நாள் செய்கிற கொத்து வேலை. துரு பிடித்த பின்னால் கீழே முட்டு கொடுத்து, உப்பிய கான்கிரீட்டைக் கம்பிக்குப் பின்னால் வரை கொத்தி எடுத்து, கம்பியைச் சுரண்டி, மெலிந்திருந்தால் கூடுதல் கம்பி கட்டி, துருத் தடுப்பு பூசி, பாலிமர் கலவையால் திரும்ப நிரப்ப வேண்டும். அத்தனை நாளும் அந்த அறையில் புழங்க முடியாது. இரண்டு செலவும் ஒரே கணக்கில் வைத்துப் பேசக்கூடியவை இல்லை. ஒரு மழைக்காலத்தை வெறுமனே கடத்துவதில் நான் அஞ்சுவது இதைத்தான்.

உங்கள் வீடு இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று நீங்களே ஓரளவு பார்க்கலாம். ஸ்டூல் போட்டு ஏறி (ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும்), சுத்தியலின் மரப்பிடியால் கறையிலும் அதைச் சுற்றி மூன்றடி தூரத்துக்கும் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். கெட்டியாக 'டங்' என்று கேட்டால் நல்லது. 'டொப் டொப்' என்று பொள்ளலாகக் கேட்டால் உள்ளே பூச்சு விட்டிருக்கிறது, அல்லது கான்கிரீட்டே விரிந்திருக்கிறது. வெள்ளை உப்பு மட்டும் பூத்திருந்தால் தண்ணீர் வந்து போயிருக்கிறது என்று அர்த்தம். நேர்க்கோடாக, சம இடைவெளி விட்டு, செங்காவி நிறத்தில் கோடுகள் தெரிந்தால் அது கம்பியின் துரு. கோடோ, பொள்ளல் சத்தமோ இருந்தால் கல்யாணத்துக்குக் காத்திருக்காமல், ஒரு சிவில் இன்ஜினீயரை உடனே அழைத்துக் காட்டுங்கள். நீங்கள் எழுதியதில் பழுப்பு வளையமும் உப்பும்தான் இருக்கின்றன. வளையம் பெரும்பாலும் தண்ணீர் கரைத்துக் கொண்டுவந்த அழுக்கு. அந்த அளவில்தான் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு மேலே சொல்கிறேன்.

ஃபேன் விஷயத்தை மட்டும் இன்றைக்கே கவனியுங்கள். தளத்துக்குள் ஓடும் ஒயரிங் பைப் தண்ணீருக்குத் தோதான வழி. வேறெங்கோ இறங்கிய தண்ணீர் பைப்பைப் பிடித்து வந்து ஃபேன் பெட்டியில் சொட்டும். மின்சாரமும் ஈரமும் ஒரே இடத்தில் இருக்கின்றன. கொக்கியும் உள்ளே துருவேறியிருக்கலாம், அதில் ஃபேனின் முழு எடையும் தொங்குகிறது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஃபேனைக் கழற்றிக் கொக்கியைப் பார்க்கச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் இந்த மழைக்காலம் முடியும்வரை அங்கே ஃபேன் வேண்டாம், ஸ்டாண்ட் ஃபேன் போதும். மெயின் போர்டில் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தை உடனே துண்டிக்கும் கருவி) இல்லையென்றால் 30 மில்லி ஆம்பியரில் ஒன்று போட்டுவிடுங்கள். கல்யாண வீட்டில் குழந்தைகள் ஓடியாடுவார்கள், இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

இப்போது தண்ணீரின் வழிக்கு வருவோம். உங்கள் கடிதத்திலேயே ஒரு நல்ல துப்பு இருக்கிறது. மூலையில் மழை பெய்யும்போதே ஈரம் இறங்கியது. ஃபேன் அருகே மழை நின்ற மறுநாள் சொட்டியது. இரண்டும் ஒரே ஒழுக்காக இருக்க வாய்ப்பு குறைவு.

மழையோடு மழையாக இறங்குகிற ஈரத்துக்கு வழி நேரானது, குறுகியது. நான் முதலில் சந்தேகப்படுவது மூன்று இடங்களை. ஒன்று, கைப்பிடிச் சுவரும் தட்டோடும் சேரும் ஓரம். வெயிலில் தளமும் சுவரும் வெவ்வேறு விதமாக விரிந்து சுருங்குவதால் அந்த இணைப்பு முதலில் விடும். இரண்டு, மழைநீர் இறங்கும் குழாயின் வாய். பைப்பைச் சுற்றிப் பூசிய கலவை கொஞ்சம் விலகினாலும் மாடியின் தண்ணீர் முழுக்க அந்த இடத்தைத் தாண்டித்தான் போகிறது. 100 மில்லிமீட்டர் மழை ஒருநாளில் பெய்தால் உங்கள் மாடியில் விழுவது ஏறத்தாழ 8,800 லிட்டர். டெல்டாவில் புயல் நாட்களில் அது புதிதில்லை. மூன்று, தூண் கம்பிகள். ஹால் மூலை என்றால் அங்கே தூண் இருக்கும், அதன் மேல் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். இருபது வருடத்துக்கு மேல் உப்புக் காற்றில் நின்ற கம்பி துருவேறி, அதைச் சுற்றிய கான்கிரீட்டைப் பிளந்து, தண்ணீரை நேராகத் தூணுக்குள் அனுப்பும். நம் ஊர்களில் பாதி மாடிகளில் இந்தக் கம்பிகள் வானத்தைப் பார்த்து நிற்கின்றன, யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தளத்தை விடத் தூண் முக்கியம் என்பதால் எனக்கு இதில்தான் கவலை அதிகம்.

ஒருநாள் தாமதித்துச் சொட்டுவது வேறு கதை. தட்டோட்டின் இடுக்கு வழியாக இறங்கிய மழை, கீழே இருக்கும் சுருக்கியில் தேங்குகிறது. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்ந்த அந்த மூன்று இஞ்ச் அடுக்கு ஒருமுறை ஊறிவிட்டால் பஞ்சு போலத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, மழை விட்ட பிறகும் நாள்கணக்கில் கசியவிடும். அந்தத் தண்ணீர் கான்கிரீட்டின் மேற்பரப்பில் வாட்டம் பார்த்து நகர்ந்து, எங்கே விரிசலோ ஒயரிங் பைப்போ கிடைக்கிறதோ அங்கே இறங்கும். அதனால் ஃபேனுக்கு நேர் மேலே மாடியைக் கொத்திப் பார்ப்பதில் பயனில்லை. மாடியின் எந்தப் பக்கத்திலிருந்தும் அது வந்திருக்கலாம்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் மழையில்லாத நாட்களில் கறை ஈரமாகிறதா என்று பாருங்கள். ஈரமானால் மேல்தொட்டி, அல்லது தொட்டிக்குப் போகும் குழாய் கசிகிறது என்று அர்த்தம், அது பிளம்பர் வேலை. ஆகவில்லை என்றால், வெயில் நாளாகப் பார்த்து மாடியைப் பகுதி பகுதியாகப் பிரித்துத் தண்ணீர் கட்டிப் பார்க்க வேண்டும். களிமண்ணால் சின்ன வரப்பு போட்டு, குழாய் வாயைப் பாலிதீனில் சுற்றிய துணியால் அடைத்து, ஒரு இஞ்ச் உயரம் தண்ணீர் விட்டால் போதும். அதற்கு மேல் கட்ட வேண்டாம், பழைய தளம். ஒரு பகுதிக்கு ஒரு முழு நாள் கொடுங்கள். கைப்பிடிச் சுவர் ஓரத்தைக் கடைசியில் சோதியுங்கள், தூண் கம்பி இருக்கும் இடத்தைத் தனியாக. எந்தப் பகுதியில் கட்டியபோது கீழே ஈரம் தெரிந்ததோ, அந்தத் தேதியோடு கறையின் எல்லையைப் பென்சிலால் வரைந்து வையுங்கள். செலவில்லாத இந்தச் சோதனை, பிறகு வருகிற எந்த ஆளிடமும் நீங்கள் தெளிவாகப் பேச உதவும்.

இந்தக் கண்ணோடு அந்த மூன்று யோசனைகளையும் பாருங்கள். மேஸ்திரி சொன்னபடி உள்ளே பட்டி பார்த்து டேம்ப் புரூஃப் அடித்தால், மேலே இருந்து வரும் தண்ணீர் நிற்காது. வெளியேற வழியில்லாமல் கம்பியைச் சுற்றியே தங்கும். கறை மறைந்துவிட்டதால் நீங்களும் நிம்மதியாக இருந்துவிடுவீர்கள். மூன்றிலும் ஆபத்தானது இதுதான். கல்யாணத்துக்கு வீடு பளிச்சென்று இருக்க வேண்டுமே என்றால், உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து உதிர்த்துவிட்டு (தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு திரும்ப உள்ளே போகும்) அந்த இடத்துக்குச் சுண்ணாம்பு மட்டும் அடியுங்கள். அது ஈரத்தை வெளியே விடும். கறை திரும்பினால் உடனே காட்டியும் கொடுக்கும்.

பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் ஒரு இஞ்ச் சிமென்ட் பூச்சு, சதுர அடிக்கு நாலரை கிலோவுக்கு மேல் எடை. 950 சதுர அடிக்கு நாலு டன்னைத் தாண்டும். கணக்கில் சேராத அந்த எடையைப் பழைய தளத்தின் மேல் நிரந்தரமாக ஏற்றுகிறீர்கள். அதோடு, அடியில் இருக்கும் சுருக்கியின் ஈரம் உள்ளேயே சிறைப்படும். மெல்லிய சிமென்ட் பூச்சு நம் வெயிலில் ஓரிரு வருடத்தில் மயிர்க்கோடாக வெடித்துவிடும். பிறகு எங்கே ஒழுகுகிறது என்று தேடுவதே கஷ்டம்.

ஷீட் போடுவதைத் தவறென்று சொல்லமாட்டேன், வெயிலும் குறையும். ஆனால் 2018 நவம்பரில் கஜா உங்கள் மாவட்டத்தில்தான் கரையைக் கடந்தது. ஷீட்டுக் கூரைகள் என்ன பாடுபட்டன என்று நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஷீட்டின் கால்களைத் தட்டோட்டைத் துளைத்து போல்ட் அடித்தால் அந்தத் துளைகள் புது ஒழுக்குகள் ஆகும். சாய்வாக அடிக்கிற மழை கைப்பிடிச் சுவரைத் தொடத்தான் செய்யும். எப்படியும் கீழே இருப்பதைச் சரிசெய்த பிறகுதான் ஷீட்டைப் பற்றி யோசிக்க வேண்டும்.

ஐப்பசிக்குள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். மாடியைச் சுத்தமாகக் கூட்டி, பாசியைத் தேய்த்து எடுங்கள். இடுக்கில் அரசங்கன்றோ ஆலங்கன்றோ முளைத்திருந்தால் மேலே கிள்ளிப் போடாமல் வேரோடு எடுங்கள், இல்லாவிட்டால் திரும்பத் துளிர்த்துச் சுவரைப் பிளக்கும். குழாய் வாயில் சல்லடை வையுங்கள், வாரம் ஒருமுறை இலையை அள்ளுங்கள். ஒரே ஒரு குழாய்தான் இருக்கிறது என்றால் இன்னொன்று வைத்துவிடுவது நல்லது. புயல் இரவில் அது அடைத்துக்கொண்டால் மாடியே குளமாகிவிடும்.

பிறகு ஒரு நல்ல கொத்தனாரை வைத்து, விட்டுப்போன தட்டோட்டு இடுக்குகளை மட்டும் அரை இஞ்ச் ஆழம் சுரண்டி, தூசி தட்டி, எஸ்.பி.ஆர். லேடெக்ஸ் (சிமென்ட்டோடு சேர்க்கும் ரப்பர் பால் போன்ற திரவம்) கலந்த சிமென்ட் கலவையால் அடைக்கச் சொல்லுங்கள். லேடெக்ஸ் அளவு டப்பாவில் போட்டிருக்கும், கண் அளவில் ஊற்ற விடாதீர்கள். கைப்பிடிச் சுவர் ஓரத்தில் விட்டுப்போன பூச்சைக் கொத்தி எடுத்து, உள்மூலை வளைவாக வரும்படி அதே கலவையால் பூச வேண்டும். மூலை செங்குத்தாக இருந்தால் அங்கே திரும்ப வெடிக்கும். குழாய் வாயைச் சுற்றியும் இதையே செய்யுங்கள். டிஷ் ஆன்டெனா, கொடிக்கம்பி என்று முன்பு போல்ட் அடித்த துளைகளையும் விட்டுவிடாதீர்கள்.

தூண் கம்பிகளைத் தேய்த்துத் துருவை எடுத்து, துருத் தடுப்பு பூசி, அடிப்பகுதியில் பிளந்த கான்கிரீட்டை நீக்கி, கம்பி வெளியே தெரியாதபடி சுற்றிலும் சின்னப் பெட்டி கட்டி, பின்னால் உடைத்து எடுக்க வசதியாக இளங்கான்கிரீட்டால் (சிமென்ட் குறைவாகச் சேர்த்த கான்கிரீட்) மூடிவிடுங்கள். அதன் தலை வெளிப்புறமாகச் சரிந்திருக்கட்டும், தண்ணீர் நிற்கக் கூடாது. பின்னாளில் மாடி எழுப்பும்போது அந்தக் கம்பிகள் இன்னும் போதுமான கனத்தில் இருக்கின்றனவா என்று இன்ஜினீயர் அளந்து பார்த்துத்தான் தொடர வேண்டும்.

மாடி முழுவதற்கும் கோட்டிங் அடிப்பதை இப்போது செய்யாதீர்கள். புரட்டாசியில் சாயங்கால மழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது, உள்ளே ஈரம் இருக்கும்போது மேலே மூடினால் கோட்டிங் கொப்புளமாகக் கிளம்பும். அது மாசி, பங்குனி வேலை. அப்போதும் அடிப்பதற்கு முன் ஒன்றரை அடிச் சதுர பாலிதீனைத் தட்டோட்டின் மேல் நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். அடியில் நீர்த்துளி கோர்த்திருந்தால் இன்னும் காயவில்லை.

அந்த நேரத்தில் ஒரே ஒரு முடிவை எடுக்க வேண்டியிருக்கும். தட்டோட்டைத் தட்டிப் பார்த்து, பெரும்பகுதி கெட்டியாக இருந்தால் அதை எடுக்கவே வேண்டாம். எல்லா இடுக்கையும் புதுப்பித்து, பிரைமர் அடித்து, ஃபைபர் வலை வைத்து, வெள்ளை நிற எலாஸ்டிக் அக்ரிலிக் கோட்டிங் இரண்டு கை, ஒன்று குறுக்காகவும் ஒன்று நெடுக்காகவும். கைப்பிடிச் சுவரில் ஓரடி உயரம் வரை ஏற்றி அடிக்க வேண்டும். பாதிக்கு மேல் பொள்ளலாக இருந்தால், அல்லது தண்ணீர் அங்கங்கே நின்று வாட்டமே கெட்டிருந்தால், தட்டோட்டையும் சுருக்கியையும் எடுத்துவிட்டு, தளத்தின் மேற்பரப்பைப் பார்த்து, அதன் மேல் நேரடியாக நீர்க்காப்பு செய்து, புதிதாக வாட்டம் கொடுத்துப் பதிப்பதுதான் சரி. பத்தடிக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை இஞ்ச் சரிவு வேண்டும். எடுக்கும்போது கையால் உளி வைத்து எடுக்கச் சொல்லுங்கள். பெரிய பிரேக்கர் மிஷின் வைத்து உடைத்தால் அதிர்வு தளத்துக்கே இறங்கும்.

ஒப்பந்தம் பேசும்போது 'பத்து வருட கேரண்டி' என்ற பேச்சில் மயங்க வேண்டாம். என்ன பொருள், எத்தனை கை, ஒரு லிட்டர் எத்தனை சதுர அடிக்கு என்று எழுதி வாங்குங்கள். டப்பாவை உங்கள் முன்னால் உடைக்கட்டும். வேலை முடிந்து நன்றாகக் காய்ந்த பிறகு ஒரு நாள் தண்ணீர் கட்டிக் காட்ட வேண்டும் என்றும், தொகையில் ஒரு பகுதி அடுத்த பெருமழை கடந்த பிறகுதான் என்றும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். தன் வேலையில் நம்பிக்கை உள்ளவர் இதற்கு ஒத்துக்கொள்வார்.

காய்கறித் தொட்டிகளைப் பொறுத்தவரை, மாசி வேலை முடியும்வரை பொறுத்திருங்கள். அப்புறம் வைக்கலாம். தரையில் நேராக வைக்காமல் கால் உள்ள ஸ்டாண்டில், அடியில் கூட்டித் துடைக்க இடம் விட்டு வையுங்கள். கீழே சுவரோ உத்திரமோ வருகிற வரிசையாகப் பார்த்து வைப்பது தளத்துக்கு நல்லது, ஈரமண் நிறைந்த பெரிய டிரம் ஒன்றே நூறு கிலோவைத் தாண்டும். குழாய் வாய்க்கும் கைப்பிடிச் சுவருக்கும் இரண்டடி தள்ளியே இருக்கட்டும். கத்தரி, வெண்டை, கீரை எல்லாம் தாராளமாகப் போடலாம். எலுமிச்சை, முருங்கை மாதிரி வேர் ஓடுகிற மரவகை மாடிக்கு வேண்டாம்.